சத்தம் கேட்டு வாங்கிய துவக்கு

எங்கள் வீட்டுத் தபால்பெட்டிக்குள் ஒவ்வொரு கிழமையும் இரண்டு விளம்பரத் தாள்கள் சோடியாக வந்து விழும். ஒன்றில் விளைமீன், முருங்கைக்காய், பெட்டியோடு மாம்பழம். மற்றதில் கூடாரம், தூண்டில், துவக்கு. துவக்கு என்பது வாய்விட்டுப் பேசக்கூடாத சாமான் என்று வளர்ந்தவன் நான். இங்கே அது முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் மலிவு விலையில் கிடக்கிறது. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் அந்தத் தாளை நான்காய் மடித்துக் குப்பைக்குள் அமுக்கிவிட்டு, யாராவது பார்த்தார்களோ என்று தெருவை எட்டிப் பார்ப்பேன். இப்போது நகரின் கிழக்கோரம் ரூஜில் வீடும் வாங்கி, தலைமயிரும் கொட்டி முடிந்த பிறகு, அதே தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்துச் சிவப்புப் பேனையால் வட்டம் போடுகிறேன். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களே, சிரிக்காமல் கேளுங்கள். நான் வேட்டைக்குப் போகத் தீர்மானித்துவிட்டேன்.

பழி முழுவதும் என்னோடு வேலை செய்யும் டக்கையே சேரும். ஒஷாவாவில் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு வருடமாக நானும் அவனும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நிற்கிறோம். ஒவ்வொரு மாரிக்கும் தான் சுட்ட மானில் ஒரு பங்கை உறைய வைத்துக் கொண்டுவந்து தருவான். என் மனைவி கௌரி அதை வறுத்த தூள் போட்டுப் பிரட்டி, அரைவாசியைத் திரும்ப அவனுக்கே கட்டிக் கொடுப்பாள். அவன் கண்ணீரும் மூக்கும் ஒழுக ஒழுகச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்பான். போன கோடையில் ஒருநாள், இனி நீயும் எங்கள் வேட்டைக் கொட்டிலுக்கு வா என்றான். ஒரேயொரு நிபந்தனை, அவரவர் துவக்கோடு வரவேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடத்தில் இந்த நாட்டுக்காரன் ஒருவன் என்னை வேலைக்கு வெளியே எங்காவது கூப்பிட்டது அதுதான் முதல்தரம்.

வகுப்பு எடுத்தேன், சோதனை பாஸ் பண்ணினேன், விண்ணப்பப் படிவத்தை எடுத்து வந்தேன். அதில் மனைவி கையெழுத்து வைக்க ஓர் இடம் இருந்தது. துவக்கு வைத்திருக்க மனைவியிடம் கேட்கும் அரசாங்கத்தை நான் அதுவரை கண்டதில்லை. கௌரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை மூன்று முறை வாசித்தாள். பிறகு வள்ளியைப் பெற்றது ஒரு மான் என்பது நினைவிருக்கிறதா என்று கேட்டாள். நானும் விடவில்லை. முருகனே வேடனாய் வேடம் போட்டு வந்தவர்தானே என்றேன்.

“அவர் பொம்பிளை தேடி வந்தவர். உங்களுக்குத்தான் நான் இருக்கிறனே,” என்றாள்.

ஆனால் அவள் முகத்தில் பகிடி கனநேரம் நிற்கவில்லை. கையெழுத்து வைப்பேன், வீட்டுக்குள் ஒன்றுதான் வரலாம், அதுவும் வரமுதல் தான் அதைக் கேட்கவேண்டும் என்றாள். பார்க்கவேண்டும் என்று சொல்லவில்லை, கேட்கவேண்டும் என்றாள். பிடிக்காவிட்டால் வேட்டையும் இல்லை, டக்கும் இல்லை. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சண்டைக் காலத்தில் பதுங்குகுழிப் பங்கருக்குள் வளர்ந்தவளின் வீட்டுக்குள் துவக்கு கொண்டுவர எனக்கு வேறு வழி தெரியவும் இல்லை.

ஒன்றே ஒன்று என்றதும் ஆராய்ச்சி தலைக்கேறிவிட்டது. மானுக்கும் அதே துவக்கு, இரண்டு எருமையை ஒட்டவைத்த அளவில் நிற்கும் மூஸ் என்ற ராட்சத மானுக்கும் அதே துவக்கு, கரடி வந்தால் அதற்கும் அதே. துவக்குக்குள் போடும் சன்னம் சிறியதென்றால் மூஸுக்குக் காணாது, பெரியதென்றால் என் தோள்மூட்டைக் கழற்றிவிடும். டக் சன்ன அளவைக் கொண்டு மூன்று துவக்கின் பெயர் சொன்னான்: தேர்ட்டி-ஓட்-சிக்ஸ், த்ரீ-ஓ-எயிட், ரூ-செவன்ரி. மூன்றுமே எல்லாவற்றுக்கும் போதும் என்றும், மற்றதெல்லாம் ஆம்பிளைகள் பியர் குடித்துக்கொண்டு சண்டை பிடிக்க உண்டாக்கியது என்றும் சொன்னான். எங்கள் ஆட்களோ, கார் வாங்கப் போகிறேன் என்றாலே பத்துப் பேர் கூடுவார்கள். துவக்கு என்றால் விடுவார்களா? வீடு விற்றுக் கொடுக்கும் தேவன் அண்ணை, கனடாவில் துவக்கைத் தொட்டே இராதவர், தேத்தண்ணிக் கடையில் வைத்துத் தீர்ப்புச் சொன்னார்: “தம்பி, த்ரீ-ஓ-எயிட்டை எடும். மூலைமுடுக்கெல்லாம் அதின்ரை சன்னம் விக்கிறாங்கள். நாளைக்கு நீர் விக்கப் போனாலும் நிண்டு வாங்குவாங்கள்.” கார் வாங்கும்போதும் இதைத்தான் சொன்னவர். ஆனால் சரியாகத்தான் இருந்தது. உதைப்பும் குறைவு, மூஸையும் விழுத்தும். மனதுக்குள் வாங்கியே விட்டேன்.

கௌரியின் காதைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். ஊரில் பங்கருக்குள் பொழுது போக்க அவளும் தங்கைமாரும் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். வெளியே வெடி கேட்டதும் எது, எவ்வளவு தூரம் என்று சொல்லவேண்டும். தோற்றவர் தன் பங்குச் சீனியை வென்றவருக்குக் கொடுக்கவேண்டும். கௌரி சீனி இல்லாமல் தேத்தண்ணி குடித்ததே இல்லையாம். கலியாணம் கட்டிய புதிதில் இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அது பகிடி இல்லை என்பது, கனடா தின வாணவேடிக்கைக்கு அவள் நிலவறைக்குள் போய் உடுப்புத் தோய்க்கத் தொடங்கியபோதுதான் விளங்கியது.

செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டக் எங்களை ஒஷாவாவுக்கு வடக்கே ஒரு சுடுதளத்துக்குக் கூட்டிப்போனான். மூன்று துவக்கும் கொண்டுவந்திருந்தான். தேர்ட்டி-ஓட்-சிக்ஸ் அவனுடைய தகப்பனுடையது. த்ரீ-ஓ-எயிட் மகனுடையது. ரூ-செவன்ரி, அதை விற்க நின்ற மைத்துனனுடையது. கௌரி ஃபிளாஸ்கில் தேத்தண்ணியும் ஒரு டப்பா நிறையப் பொரித்த ரோல்ஸும் கொண்டுவந்து, பின்னால் இருந்த மரமேசையில் கல்யாண வீடு மாதிரிப் பரப்பினாள். எல்லோருக்கும் காதுக்கவசம் தந்தார்கள். அவள் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். முதலில் தேர்ட்டி-ஓட்-சிக்ஸை நான் சுட்டேன். இலக்கில் படவில்லை, என் தோளில்தான் பட்டது. மாடு உதைத்தது போல இருந்தது. கௌரி தலையை ஒருமுறை ஆட்டினாள், பரவாயில்லை என்று அர்த்தம். ரோல்ஸ் சாப்பிட என்று நான் கவசத்தைக் கழற்றி மேசையடிக்கு வந்தேன். த்ரீ-ஓ-எயிட்டை டக் தானே சுட்டுக் காட்டினான்.

பிறகு என்ன நடந்தது என்று கேட்டால், நான் சேற்றுக்குள் குப்புறக் கிடந்தேன். இரண்டு கையும் தலைக்கு மேல். பக்கத்தில் கௌரி, அதே மாதிரி, நல்ல சுடிதாரோடு. எங்களுக்கு நடுவில் ரோல்ஸ் உருண்டுகொண்டிருந்தது. ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை, உடம்பு தானாகப் போய்ப் படுத்துவிட்டது. சுடுதளத்தைக் கவனிக்கும் தாடிக்கார மனிசன் ஓடிவந்து குனிந்து பார்த்தார். படுத்துச் சுடும் நிலையைப் பழகுகிறோம் என்று நினைத்துவிட்டார். பலருக்கு வருடக்கணக்கில் பழகியும் இப்படி நெஞ்சு நிலத்தில் ஒட்டாது, நீங்கள் எங்கே பழகினீர்கள் என்று மெச்சிக் கேட்டார். வீட்டில் என்றேன். கெட்டிக்காரத் தகப்பன் என்றார். கௌரிக்கு அடக்க முடியவில்லை. சேற்றில் முகத்தை வைத்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பார்த்தால் கண்ணில் தண்ணீரும் ஓடுகிறது. எனக்கும் இரண்டும் ஒன்றாய் வந்தது.

எழும்பித் துடைத்துக்கொண்டு, “உது வேண்டாம். உது எங்கட ஊர் ஒழுங்கைச் சத்தம்,” என்றாள்.

அந்தச் சன்னத்தின் கதையைப் பிறகு டக்கிடம் கேட்டேன். பட்டாளங்களுக்குச் செய்த சன்னத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம். ஊரில் எங்கள் சந்தியில் துவக்கோடு காவல் நின்றவர்களின் எஸ்.எல்.ஆரில் போட்டதும் அந்தச் சாதிதான். தேவன் அண்ணையின் கணக்கில் இது வரவில்லை. ரூ-செவன்ரியை நான் சுட்டபோது, கௌரி கவசத்தை முழுதாகக் கழற்றிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு துளி சிந்தவில்லை. இன்னொருக்கால் சுடச் சொன்னாள். பிறகு, இதை முந்தி எங்கேயும் கேட்கவில்லை, இது கனடாச் சத்தம், இதை எடுங்கள் என்றாள். ஏன் ரூ-செவன்ரி என்று டக் கேட்டான். தூரம், வேகம், உதைப்பு என்று ஏதோ விளக்கம் எதிர்பார்த்திருப்பான். மனைவிக்குச் சத்தம் பிடித்திருக்கிறது என்றேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் திருத்தப் போகவில்லை.

நவம்பரில், வாங்கிய ரூ-செவன்ரியோடு, நானும் டக்கும் வடக்கே போனோம். முதல்நாள் காலை, புதுப் பனி, செம்மஞ்சள் அங்கி, விழுந்த மரமொன்றில் நான் தனியாக. பள்ளத்துக்குள் இருந்து கொம்பன் மான் ஒன்று சாவகாசமாக ஏறி வந்தது. துவக்கைத் தூக்கி, மூச்சைப் பிடித்து, துவக்கின் பாதுகாப்புப் பூட்டை எடுக்க விரலை நகர்த்துகிறேன். குளத்துக்கு அப்பால் யாரோ முன்பின் தெரியாத மனிசன் த்ரீ-ஓ-எயிட்டால் வெடி வைத்தான். நான் பனிக்குள் படுத்துவிட்டேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது, மான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டக் இருந்த பக்கமாக ஓடிற்று. படுத்தபடியே போனை எடுத்துக் கௌரியைக் கூப்பிட்டேன்.

“சுட்டனீங்களோ?” என்றாள்.

“இல்லை. படுத்தனான்.”

சமையலறையில் நின்று அவள் சிரிக்கும் சத்தம் அந்தக் காடு முழுக்கக் கேட்டிருக்கும். அந்தச் சிரிப்புக்கு நடுவில் கிட்டடியில் இன்னொரு வெடி. என் முகம் மறுபடி பனிக்குள் போய்விட்டது. போனுக்குள் கௌரி சிரிப்பை நிறுத்திக் கொஞ்சம் கேட்டாள்.

“உது டக்கின்ரை. தேப்பன்ரை துவக்கு. ஒண்டும் இல்லை, எழும்புங்கோ.”

எழும்பினேன். மான் விழுந்துவிட்டது என்று டக் தூரத்தில் கத்தினான். தன்னிடம் துரத்திவிட்டதற்கு எனக்கு நன்றியும் சொன்னான். நான் கிடந்த இடத்தில் அச்சு அப்படியே இருந்தது. முகம் புதைந்த குழி, தலைக்கு மேல் கட்டிய இரண்டு கை, பக்கத்தில் தள்ளி, கைபடாமல், துவக்கின் நீட்டுக்கோடு. அங்கியைத் தட்டி, ரூ-செவன்ரியைத் தோளில் கொழுவிக்கொண்டு, அந்த அச்சில் கிடந்தவனை மிதிக்காமல் சுற்றி டக்கிடம் நடந்தேன்.