உள்ளங்கையில் தேதி

பிரிக்பீல்ட்ஸில் நான் சின்னக் கிராணியாக, அதாவது இளைய குமாஸ்தாவாக, இருந்த ரயில்வே ஆபீஸில், வேலையிலோ ஓய்வுக்குப் பிறகோ செத்த ஆட்களின் மனைவிகளிடம் உதவிப்பண மனு வாங்கியவர் பெரிய கிராணி. கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, எலும்பான விரல்கள். தினமும் காலையில் தேதி முத்திரையை மாற்றியதும் முதலில் தன் உள்ளங்கையில் குத்திப் பார்ப்பார்.

ஒருநாள் கிள்ளானிலிருந்து ஒரு பெண் வந்தாள். தண்டவாள வேலையில் புருஷன் செத்து முப்பது நாள் ஆகியிருந்தது. துக்கம் கழியாமல் வாசல் தாண்டக்கூடாதென்று வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள்.

"மனு குடுத்த தேதியிலேருந்துதான் பணம்," என்றார் கிராணி.

"அவரு செத்த நாள்லேருந்து போடுங்கய்யா. புள்ளைங்க பட்டினி."

"அன்னிக்கே வந்திருக்கணும்."

"பொணத்தப் போட்டுட்டா வருவாங்க?"

கிராணி மனுவில் அன்றைய தேதியைக் குத்தினார். இந்த விதியை அவர் யாருக்கும் முன்கூட்டிச் சொன்னதில்லை.

சில வருடங்களில் அவர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலி எனக்கு வந்தது. ஒரு மத்தியானம் அவருடைய மனைவி வந்தார். கழுத்தில் தாலி இருந்தது. அவர் நீட்டிய உதவிப்பண மனு பெரிய கிராணியின் கையெழுத்திலேயே இருந்தது. தேதி மட்டும் போடவில்லை.

"எப்பம்மா?" என்றேன்.

"ஒரு மணி நேரமாச்சு. உசுரு போனதும் மொதல்ல ஆபீசுக்குப் போ, அப்புறம் வந்து அழுன்னு சொல்லி வச்சிருந்தாரு."