தேயிலைக்கு அடியில் பைப்

நேற்று எங்கள் மலையூரான கோலா தெர்லாவில் ஒரு லோரி இரும்புக் குழாய்களைத் தடதடவென்று இறக்கியது. அந்தச் சத்தத்தில் எங்கள் எஸ்டேட் லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், பழைய தேர்தல்கள் நினைவுக்கு வந்தன.

லயத்தில் அப்போது குழாய்த் தண்ணீர் கிடையாது. வேலைக்குப் போகுமுன் பெண்கள் ஆற்றிலிருந்து சுமந்து வருவார்கள். முதல் தேர்தலில் வைபி, அதாவது சட்டமன்ற உறுப்பினர், சாலையோரம் குழாய்களை இறக்கினார். ஜெயித்த மறுநாளே லோரி வந்து அவற்றைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனது.

இரண்டாம் முறை அவர் நின்றபோதும் குழாய்கள் வந்தன.

"இந்த வாட்டி ஏத்த விடக் கூடாதுடி," என்றார் அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம்.

ஓட்டுப் போட்டுத் திரும்பியதும் பெண்கள் குழாய்களைத் தேயிலைச் செடிகளுக்கு அடியில் ஒளித்தார்கள். கொழுந்து பறிக்கிறவர்களைத் தவிர யார் கண்ணிலும் படாது.

வைபி ஜெயித்தார். மறுநாள் லோரி வந்தது.

"பைப் எங்க கங்காணி?" என்று டிரைவர், தோட்ட வேலையை மேற்பார்த்த அப்பாவைக் கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"எவனோ தூக்கிட்டுப் போயிட்டான் லா," என்றார் அம்மா.

"என்னம்மா நீங்க! இன்னிக்கே குழி வெட்டிப் பதிக்கச் சொல்லி வைபி அனுப்பினாரு. கவர்மெண்டு சாமான், போலீஸ்ல சொல்லணும்."

லோரியில் மண்வெட்டிகளும் சிமெண்டு மூட்டைகளும் இருந்தன. போலீஸ் என்றதும் ஒளித்த இடத்தைச் சொல்ல எல்லாருக்கும் பயம். லோரி திரும்பிவிட்டது.

அன்று மாலையே பெண்கள் குழாய்களைச் சாலையோரம் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். லோரி வரவில்லை. குழாய்கள் துருப்பிடித்தன.

மூன்றாம் தேர்தலில் வைபி அவற்றைக் காட்டியே ஓட்டுக் கேட்டார்.

"பாருங்க, பைப் எறக்கியாச்சு. தண்ணிதான் பாக்கி."

அம்மாவும் மற்றவர்களும் அவருக்கே போட்டார்கள். குழாய்களை மட்டும் யாரும் தொடவில்லை.