எண் போடாத மனு

பிள்ளைகளே, உங்கள் அப்பா குண்டுக்கு மருந்து விற்றவர் என்று ஊரில் யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். விற்றது உண்மை. மீதியையும் நான்தான் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு சாயக்கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கைக்காரர்கள். சாயத்தோடு சேர்க்க ஒரு வெள்ளை உப்பும் விற்போம். ஒரு கைப்பிடிக்கு மேல் யாரும் வாங்க மாட்டார்கள். ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவன் வந்து இரண்டு டின் கேட்டான். முதலாளி கடையில் இல்லை. வந்த வியாபாரத்தை விடுவானேன் என்று நிறுத்துக் கொடுத்துவிட்டேன். அவன் டின்னைத் தூக்கியபோதுதான் விரல்களைப் பார்த்தேன். எத்தனை தேய்த்தாலும் சாயக்காரனுக்கு நகக்கண்ணில் நிறம் போகாது. இவன் நகமெல்லாம் வெள்ளைவெளேர் என்று இருந்தது.

அரசாங்கத்துக்கு வெடி வைப்போம் என்று மிரட்டும் நோட்டீஸ்கள் அந்த வாரம்தான் சுவர்களில் ஒட்டப்பட்டிருந்தன. அந்த உப்பு வெடிமருந்துக்கும் ஆகும் என்று முதலாளி எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. மறுநாள் காலையிலேயே எல்லாவற்றையும் மனுவாக எழுதிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே மனுக்களைப் பதிவு செய்யும் ரைட்டராக இருந்தவன் எட்டாம் வகுப்பு வரை என் பெஞ்சில் உட்கார்ந்தவன்.

"என்னாடா, தராச வுட்டுட்டு துப்பறிய கிளம்பிட்டியா?" என்று சிரித்தான். படித்து முடித்ததும் சிரிப்பு நின்றது.

"நாளைக்கு கருட சேவை. மொத்த ஸ்டேஷனும் பந்தோபஸ்துக்குப் போய்க்கினு இருக்குது. இப்ப போய் இதுக்கு நம்பர் போட்டா இன்ஸ்பெக்டர் என்னைக் கடிச்சித் துப்பிடுவாரு. திருவிழா முடியட்டும், நானே போட்டுக்கிறேன். என்னை நம்ப மாட்டியா?"

நம்பினேன். சிநேகிதனிடம் ரசீது கேட்க எனக்கு வாய் வரவில்லை. அப்போது உங்கள் அம்மா மாசமாக இருந்தாள். கூட்டத்தில் இடிபடாமல் பெருமாளைச் சேவிக்க எங்கே நிற்கலாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

திருவிழா முடிந்த மூன்றாம் நாள் ரயில் நிலையத்துப் பார்சல் அறையில் குண்டு வெடித்தது. ஒரு போர்ட்டர் இறந்துபோனார். அங்கே கிடைத்த டின் எங்கள் கடையுடையது.

போலீசார் முன்பே தெரிந்திருந்தும் தடுக்கத் தவறினார்களா என்று விசாரிக்க அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை அனுப்பியது. பயணியர் விடுதியில் விசாரணை. உண்மை வெளியே வரப்போகிறது என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

"மனுவுக்கு ரசீது இருக்குதா?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"இல்லீங்க."

"நம்பர்?"

"போடலீங்க. அவர் கையில கொடுத்தேன்."

அடுத்து ரைட்டரைக் கூப்பிட்டார்கள். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"வந்தாருங்க ஐயா. சம்சாரம் மாசமா இருக்குது, கருட சேவைக்கு எங்க நின்னா நல்லா தெரியும்னு கேட்டாரு. சொல்லி அனுப்பினேன். மனு எதுவும் தரலீங்க."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். முழுப் பொய்யாக இருந்திருந்தால் எதிர்த்துக் கத்தியிருப்பேன். நான் கேட்ட கேள்வியையே எடுத்து அதன் மேல் பொய்யைக் கட்டினான்.

வெளியே வரும்போது அவன் கையைப் பிடித்தேன்.

"உனக்கென்னடா, இந்தக் கடை இல்லன்னா இன்னொரு கடை. எனக்கு பென்ஷன் போயிடும்" என்று உதறிவிட்டு ஜீப்பில் ஏறினான்.

பல மாதம் கழித்து அறிக்கை வந்தது. போலீஸ் மேல் குற்றமில்லையாம். ஊர்மக்கள் யாரும் முன்கூட்டித் தகவல் தரவில்லையாம். சந்தேகம் வந்தும் கடை ஆள் வாய் திறக்கவில்லையாம். பேப்பரில் அதை நானே வரிவரியாகப் படித்தேன்.

அந்த வாரமே போர்ட்டரின் மனைவி கடைக்கு வந்தாள்.

"ஏன்பா, அவன் ஆளு சரியில்லன்னு உனக்குத் தெரிஞ்சிச்சாமே. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னேம்மா. வெடிக்கிறதுக்கு முன்னாலயே எழுதிக் கொடுத்தேன்."

"யாருகிட்ட?"

ரைட்டரைச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவரா? எங்க வூட்டுக்காரர் பொணத்த வாங்க ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் என்கூட அலைஞ்சவருபா அவரு. அவரு மேல போயி பழியப் போடுறியே!"

அவளிடம் அதற்கு மேல் நான் வாதாடவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு நல்லவன் என்று நம்ப ஒருவன் இருந்தான். உங்களிடம் வாதாடுகிறேன். மனுவை நான் கொடுத்தேன்.