ஓரத்தில் பிடித்த சாயம்

பட்டுக் கடை தனசேகரன், சாயக்காரர் ஜெகநாதனுக்குத் தர வேண்டியிருந்தது எண்பதாயிரம் ரூபாய். அத்தனையும் சாயக்கூலி. எழுத்து இல்லை, வாய்ப்பேச்சுதான்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் ஜெகநாதன். சாயப்பட்டறை அடுப்புக்கு விறகு தள்ளிய இடத்தில் தொழில் கற்று, சொந்தமாக நான்கு செப்புத் தொட்டி வைத்தார். ஆரணியில் அரக்குச் சிவப்பு என்றால் அவர் கைதான், மற்றதெல்லாம் செங்கல் தண்ணி. தனசேகரன் கடை போட்டபோது ஆறு மாதம் கடனுக்குச் சாயம் போட்டுக் கொடுத்து ஆளாக்கியவரும் அவரே.

மாசியில், வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறதென்று ஊரிலேயே வயிற்றை ஸ்கேன் எடுத்தார். கல்லீரலில் ஆறு சென்டிமீட்டர் கட்டி. என்ன கட்டி என்று இதில் தெரியாது, வேலூரில் ஊசி போட்டு சிடி ஸ்கேன் எடுங்கள் என்றார்கள். தெருவுக்கு அவ்வளவு பொறுமை ஏது? சாயத் தண்ணி ஈரலைத் தின்றுவிட்டது, புற்றுநோய்தான் என்று பொழுது சாய்வதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

தனசேகரனிடம் செலவுக்குப் பணம் கேட்கப் போன மனைவி பரிமளா, வெறுங்கையோடு திரும்பினாள்.

“இன்னா சொன்னான்?”

“தை மாசமே அண்ணங்கிட்ட குட்த்துட்டேனேன்றாரு.” அவரை நேராகப் பார்த்தாள். “வாங்கி யாருக்குங்க குட்த்தீங்க?”

முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் கேட்ட கேள்வி, கட்டியைவிடக் கனத்தது. அவள் காதுக் கம்மல் அடகுக் கடைக்குப் போனது.

வேலூரில், “சாய மருந்து ஏத்தறோம், உடம்பு சூடாவும், பயப்படாதீங்க” என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண்.

“எனக்கே சாயமா? திட்டு விழாம ஏத்தும்மா.”

டாக்டர் படங்களை வரிசையாகக் காட்டினார். முதல் படத்தில் கட்டியின் ஓரத்தில் மட்டும் வெள்ளை. அடுத்ததில் அது உள்ளே நகர்ந்திருந்தது. கடைசியில் நடுவரை நிறைந்து நின்றது.

“கெட்ட கட்டின்னா பெரும்பாலும் சட்டுனு ஏறி, சட்டுனு வடிஞ்சிடும். இது ரத்தக்குழாய்க் கட்டி. ஆபத்தில்ல, வெட்டவும் வேணாம். ஆறு மாசம் கழிச்சு ஒருதரம் பாத்தா போதும்.”

ஜெகநாதனுக்கு அதற்குமேல் விளக்கம் எதற்கு? இறுக்கிக் கட்டிய பட்டு நூல் கற்றையான சிட்டத்திலும் சாயம் ஓரத்தில் பிடித்துத்தான் மெல்ல உள்ளே ஏறும், ஏறியது நிற்கும். பாய்ந்து ஏறுவது முதல் அலசலிலேயே போய்விடும்.

“இத்த நாப்பது வருசமா பாத்துகினு இருக்கேன் டாக்டர்” என்றார்.

ஆரணியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், பரிமளாவைக் கூட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போனார். நெசவாளர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“வாங்கண்ணே, படுத்துக்கினு இருக்கக் கூடாதா?” என்றான் தனசேகரன்.

“சாவற கட்டி இல்லியாம்டா. இன்னும் இருவது வருசம் வந்து நிப்பேன். தையில எந்தத் தேதி குட்த்த?”

தனசேகரன் முகம் வெளுத்தது. “குட்த்தா மாதிரி ஞாபகம்ணே…”

“எனக்குக் கட்டி ஈரல்ல. மூளையில இல்ல.”

நெசவாளர்கள் சிரித்தார்கள். கல்லாப்பெட்டி திறந்தது. நீட்டிய பணக்கட்டை ஜெகநாதன் தொடவில்லை; சாயமேறிய கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“யார்கிட்ட பொய் சொன்னியோ, அவ கையில எண்ணு. ஜல்தி.”

கம்மல் இருந்த காதில் ஈர்க்குச்சி செருகியிருந்த பரிமளா, கணவரை நிமிர்ந்து பார்க்காமல் கையை விரித்தாள். தனசேகரன் எச்சில் தொட்டு, ஐந்நூறு ரூபாய்த் தாள் நூற்றி அறுபதையும் ஒவ்வொன்றாகச் சத்தம்போட்டு எண்ணி அதில் வைத்தான்.