ஞாயிற்றுக்கிழமை பதில்கள்

மிக்ஸி, கிரைண்டர் வாங்கும்போது பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, அதை எழுதுவதுதான் பல வருஷமாக என் பிழைப்பு. யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்தே எழுத வேண்டும். என் சொந்த அக்காவே அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பழைய பேப்பரோடு போட்டுவிட்டு, மிக்ஸி ஓடவில்லை என்று எனக்குப் போன் செய்தவள்தான். எழுதியவர் பெயர் அதில் எங்கும் இருக்காது. அதைப் பற்றி நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. என் வருத்தமெல்லாம் என்னோடு அந்த வேலையைச் செய்தவளைப் பற்றியது.

தி.நகரில், துணிக்கடைகளுக்குப் பின்புறமாகப் போகும் ஒரு தெருவில் எங்கள் அலுவலகம். நான் மேற்கு மாம்பலத்திலிருந்து ரயில்வே பாலம் ஏறி இறங்கி நடந்தே வந்துவிடுவேன். அவள் மயிலாப்பூரிலிருந்து பஸ். அவளுக்கு வீட்டில் உருது, என்னிடம் மெட்ராஸ் தமிழ், புத்தகத்தில் மட்டும் செந்தமிழ். எழுதுவதற்கென்று ஒதுக்கிய அந்த அறையில் நாங்கள் இரண்டே பேர்தான். என் டிபன் டப்பாவைத் திறந்ததும் "இன்னிக்கும் எலுமிச்சை சாதமா?" என்று அவள் கேட்காத நாள் கிடையாது. கேட்டுவிட்டுப் பாதியை அவளே சாப்பிட்டும்விடுவாள்.

கம்பெனிக்கு ஒரு சமூக ஊடகப் பக்கம் இருந்தது. அதை விளம்பரக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். பொங்கலுக்குக் கரும்புப் படம், தீபாவளிக்கு விளக்குப் படம். அதன் கீழே யாராவது "மிக்ஸி செத்துப் போச்சு, இன்னா பண்றது" என்று எழுதினால், "உங்கள் அன்புக்கு நன்றி" என்று போட்டுப் பக்கத்தில் ஒரு கைகூப்பிய பொம்மையையும் வைப்பார்கள். ஒரு மத்தியானம் சாப்பிடும்போது அவள் அதையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டினாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, இதற்கெல்லாம் நாம் ஏற்கெனவே பதில் எழுதியிருக்கிறோமே என்றாள்.

எழுதித்தான் இருந்தோம். சட்னிக்கு அளவுக்கு மேல் தேங்காயைத் திணித்தால் மிக்ஸி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நின்றுவிடும். தலைகீழாகக் கவிழ்த்தால் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் போதும். இதைத்தான் புத்தகத்தின் கடைசியில் "மிகைச்சுமைக் காப்புப் பொத்தான்" என்ற தலைப்பில் போட்டிருந்தோம். மிக்ஸி செத்துப் போச்சு என்று பதறுகிறவள் மிகைச்சுமையை எங்கே போய்த் தேடுவாள்?

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரம் பின்னூட்டம் படிக்கும் நேரமாகிவிட்டது. ஜனங்கள் எந்த வார்த்தையில் கேட்கிறார்கள் என்று பார்த்து, அதே வார்த்தையில் புத்தகத்தைத் திருப்பி எழுதினோம். உதிரிபாகங்களின் பெயர்கள் இருந்த பொருளடக்கத்தில், மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டதா, மாவு மேலே தெறிக்கிறதா, கருகின வாசனை வருகிறதா என்ற கேள்விகள் வந்தன. நான் முதலில் முரண்டு பிடித்தேன். இது கையேடா, டீக்கடைப் பேச்சா என்று கேட்டேன். டீக்கடையில் நிற்கிறவரும் மிக்ஸி வாங்குகிறவர்தான் என்றாள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு ஒப்புக்கொண்டேன். எனக்குக் கோபமும் சீக்கிரம் வரும், சமாதானமும் சீக்கிரம் வரும்.

அடுத்து, வாங்கியவர்களுக்கென்று அந்தப் பக்கத்திலேயே ஒரு குழு ஆரம்பித்தோம். கேள்வி வந்தால் அவள் செல்போனில் ஒரு குட்டி வீடியோ எடுத்துப் போடுவாள். முகம் தெரியாது. கையும் குரலும் மட்டும். "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆவல, கவுத்துப் பாருங்க" என்று அவள் ஆரம்பிக்கும்போதே கேட்டவருக்குப் பாதி பயம் போய்விடும். அவளைக் குழுவில் எல்லோரும் அக்கா என்றார்கள். அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றார்கள். எழுத்தில் கேட்பவர்களுக்கு நான் பதில் போடுவேன். கொஞ்ச காலத்தில் ஒன்று கவனித்தோம். அடையாறிலிருந்து ஒருத்தி கேட்டால், நாங்கள் திறந்து பார்ப்பதற்குள் சாந்தோமிலிருந்து இன்னொருத்தி பதில் சொல்லியிருப்பாள், அதுவும் எங்கள் வார்த்தைகளிலேயே. எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கேள்வி குறையக் குறைய நம் எழுத்து நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் நம்புவோம்.

அந்தப் பெருமையில்தான் மேலதிகாரிகளுக்குக் காட்ட ஸ்லைடு தயாரித்தோம். பழுதுபார்க்கும் பிரிவுக்கு வரும் அழைப்புகள் குறைந்துவிட்டன என்று ஒன்று. வாடிக்கையாளர்களே ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்கிறார்கள் என்று இன்னொன்று, பெரிய எழுத்தில். அன்றைக்கு அவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். சமோசா வரவழைத்திருந்தார்கள். மேலாளர் எழுந்து நின்று கைதட்டினார்.

அடுத்த சில வாரங்களில் புத்தகம் நின்றுபோனது. இனிமேல் பெட்டிக்குள் ஒரே ஒரு அட்டைதான், அதில் குழுவுக்கு வழிகாட்டும் கியூஆர் கோடு. குழுவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போதும். நான் நிரந்தரம், அவள் ஒப்பந்தம். அதனால் யார் போவது என்று யாரும் யோசிக்கக்கூட இல்லை. நான் மேலாளரிடம் போய்ச் சண்டை போட்டேன். மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன், பாதியில் குரல் ஏறிவிட்டது. அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், ஆளே வேணாம்னு உங்க ஸ்லைடுலயே போட்டிருக்கீங்களே" என்றார். எங்கள் தலையில் நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

அவள் அழவில்லை. சாப்பாட்டுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள் என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். கொஞ்ச நாள் தினமும் போனில் பேசினோம். அப்புறம் வாரம் ஒருமுறை ஆயிற்று. பிறகு ரம்ஜானுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. அவளோடு பேசினாலே எனக்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்பது போலிருந்தது. அதை மறைக்க அலுவலகத்துப் பேச்சையே எடுக்காமல் இருந்தேன். அவளும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. ஆனால் வாரத்துக்கான மாவை வீட்டுக்கு வீடு ஆட்டுவதும் அன்றைக்குத்தான். குழு கொதிக்கும். கல் சுற்றவில்லை, பெல்ட் அறுந்துவிட்டது, அரிசி ஊறினது போதுமா என்று வரிசையாக வரும். திங்கட்கிழமை காலை நான் பயந்துகொண்டேதான் கணினியைத் திறப்பேன். திறந்தால் ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கும். அதே கை, அதே குரல். பயப்படாதீங்க, ஒண்ணும் ஆவல. அவள் சாதாரண வாடிக்கையாளராகக் குழுவில் தொடர்ந்துகொண்டிருந்தாள். பழக்கம் விடவில்லை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன். அவள் குரல் கேட்பது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. அதனால் நானாகக் கேட்கவில்லை.

போன வருஷம் அந்தக் குழு அவள் பெயருக்குப் பக்கத்தில் தானாகவே "சிறந்த உறுப்பினர்" என்று ஒரு பதக்கம் குத்தியது. மேலாளர் கண்ணில் அது பட்டுவிட்டது. யார் இந்தம்மா, இவ்வளவு அழகாகச் சொல்கிறார்கள், ஒரு மிக்ஸி பரிசாகக் கொடுங்கள் என்றார். யார் என்று சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, நல்லதாகப் போயிற்று என்றார். இப்படி ஆட்கள் இருக்கும்போது குழு தானே ஓடுமே, சம்பளத்துக்கு ஓர் ஆள் எதற்கு என்று மேலிடத்தில் கேட்கிறார்கள் என்றும், அந்த மாதத்தோடு என்னை விடுவிப்பதாகவும் அதே மூச்சில் சொன்னார். போகும்போது மிக்ஸியை மறக்காமல் கொடுத்துவிடச் சொன்னார்.

பெட்டியை ஆட்டோவில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். லஸ் பக்கத்தில், கடைகளுக்கு நடுவே உள்ளே போகிற சந்தில் அவள் வீடு. கணவர் கடைக்குப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். டீ போட்டாள். பெட்டியைப் பிரித்து மிக்ஸியை வெளியே எடுத்தவள் முதலில் தேடியது புத்தகத்தைத்தான். அட்டை மட்டும் கையில் வந்தது. அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்தாள்.

மனசு கேட்காமல், கூலியில்லாமல் உனக்கு ஏன் இந்த வேலை, ஞாயிற்றுக்கிழமையாவது நிம்மதியாக இருக்கக் கூடாதா என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"நீ ஒத்த ஆளாப் பாக்குறே. லீவு நாள்ல எவனாவது கேட்டு, பதில் வர லேட்டாச்சுன்னா உன்னத்தானே புடிச்சுக் கேப்பாங்க. என் வேலதான் போச்சு, உன் வேலையாவது நிக்கட்டும்னுதான் போடுறேன்டி."

நீ போடுகிற ஒவ்வொரு பதிலும்தான் நான் வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? தேங்க்ஸ் என்று மட்டும் சொன்னேன். எங்களுக்குள் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டதே இல்லை. அவள் சிரித்து, போடி என்றாள். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாள். போகிறது என்றேன்.

வேலை போய் இப்போது பல மாதங்கள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் குழுவைத் திறந்து பார்க்கிறேன். யாரோ கல் சுற்றவில்லை என்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் கை வருகிறது, குரல் வருகிறது. எனக்காகத்தான் பதில் சொல்கிறாள். நான் அங்கே இல்லை என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.