என் வேலை நிலைக்குமா என்று பூ கேட்ட கதை

எனக்குப் பெண் தேட ஆரம்பித்த காலத்தில் தரகர் என் ஜாதகத்தைத் தன் பையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தார். பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான், வீட்டில் உட்கார்ந்தபடியே பெங்களூர்ச் சம்பளம் வாங்குகிறான் என்று சொன்னால் நாமக்கல்லில் இருந்து சங்ககிரி வரைக்கும் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நான்தான் பிகு பண்ணிக்கொண்டு இரண்டு வருடம் தள்ளிப் போட்டேன். அந்த இரண்டு வருடத்துக்குள் செயற்கை நுண்ணறிவு வந்து சேர்ந்துவிட்டது.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். மற்றவர்கள் எழுதி முடித்ததில் குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை. இதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று அம்மாவுக்கு ஆரம்பத்தில் இருந்தே ஆச்சரியம். அவர் அதை முப்பது வருடமாக அப்பாவுக்கு இலவசமாகச் செய்துகொண்டிருந்தார்.

எங்கள் குழுவில் எட்டுப் பேர் இருந்தோம். புது இயந்திரத்தை ஒரு திங்கட்கிழமை அறிமுகப்படுத்தினார்கள். நான் அரை நாள் உட்கார்ந்து பார்ப்பதை அது நான் டீ குடித்து வருவதற்குள் பார்த்துவிட்டது. அடுத்த தீபாவளிக்கு நாங்கள் மூன்று பேர்தான் மிச்சம். நான் ஏன் அந்த மூன்றில் இருந்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, கேட்டு அவர்களுக்கு ஞாபகப்படுத்தவும் நான் விரும்பவில்லை.

தரகர் ஒருநாள் எங்கள் வாசலில் டீ குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். "முன்ன மாதிரி இல்லீங்க தம்பி. பொண்ணு ஊட்டுக்காரங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க. இந்த ஏ.ஐ. வந்தா மாப்பிள்ளை வேலை நிக்குமுங்களான்னு."

அவர் பையில் இப்போது வரிசையே மாறியிருந்தது. அரசாங்க வேலை எப்போதும்போல முதலில். அதற்கடுத்து மோட்டார் காயில் கட்டுகிறவன், போர்வெல் ரிக் வண்டி மெக்கானிக், கோழிப்பண்ணை வைத்திருப்பவன். பள்ளிக்கூடத்தில் என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதிய என் நண்பன் காயில் கட்டும் கடை வைத்து அந்த ஆவணியில் கல்யாணமும் செய்துகொண்டான். போய் மொய் எழுதிவிட்டு இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "உன்ற பொட்டிகிட்டயே கேளு, எந்த வேலையெல்லாம் நிக்கும்னு."

கேட்டேன். அது மரியாதையாகப் பட்டியல் போட்டுக் கொடுத்தது. நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்கள், குழாய் வேலை, மின்சார வேலை, கை கால் வலிக்கு வைத்தியம் செய்பவர்கள் என்று வாசித்துக்கொண்டே போனேன். அம்மா பரீட்சை முடிவு கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உன்ற வேலை எங்கடா?"

"இதுல இல்லம்மா."

"நல்லாப் பாரு."

நல்லாத்தான் பார்த்தேன். இல்லை.

ஐந்து பெண் பார்த்தாயிற்று. ஐந்தும் வேலை நிற்குமா என்ற அந்தக் கேள்வியில் போய் முட்டி நின்றன. ஆறாவதாகத் தரகர் கொண்டுவந்த ஜாதகம் திருச்செங்கோட்டில் ஒரு பிசியோதெரபி சென்டரில் வேலை பார்க்கிற பெண்ணுடையது. அவளுடைய அப்பா சொந்தமாக ஒரு ரிக் வண்டி வைத்திருந்தார். வண்டி அப்போது வடநாட்டில் எங்கோ ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தது. காபி வந்ததும் அவரும் அதையே கேட்டார். பூமிக்குள் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே ஆயிரம் அடி துளை போடுகிற மனிதர், என் வேலைக்கு உத்தரவாதம் கேட்டார். எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்று கோபம் வந்தது. காபி நன்றாக இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

பையனும் பெண்ணும் தனியாகப் பேசட்டும் என்று வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அனுப்பிவைத்தார்கள். தனியாக என்றால், கூடத்து ஜன்னல் வழியாக எல்லோரும் பார்க்கிற தனிமை.

"உங்க வேலை போயிருச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்றாள் அவள்.

அதற்கு நான் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். முந்தைய ஐந்து பேரிடமும் அதைத்தான் சொன்னேன். புதிதாகக் கற்றுக்கொள்வேன், காலத்தோடு ஓடுவேன் என்றெல்லாம் வரும். அன்றைக்கு அது வாயில் வரவே இல்லை.

"தெரியலீங்க. பயமாத்தான் இருக்குது."

சொன்ன பிறகுதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் சிரிக்கவில்லை. "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உக்காருவீங்க?" என்று கேட்டாள்.

"பத்து, பன்னெண்டு மணி நேரம்."

"வலது தோளு ஏறி நிக்குது. கழுத்தை இடது பக்கம் திருப்புங்க பாக்கலாம்."

திருப்பினேன். பாதியில் நின்றுவிட்டது. வலது பக்கம் திருப்பச் சொன்னாள், அது கொஞ்சம் தேவலை. மறுபடி இடது, மறுபடி வலது. நான் அவளுடைய வேலையைப் பற்றிக் கேட்டேன், அங்கும் மெஷின் வராதா என்று.

"மெஷின் வந்து பல வருஷமாச்சுங்க. கரண்டு வைக்கறது, இடுப்பை இழுக்கறது எல்லாம் இருக்குது. வச்சுட்டு நகந்தா, 'நீயே அமுத்து சாமி'ன்னு கையைப் புடிச்சுக்கறாங்க. இந்தப் பக்கம் லாரி ஓடற வரைக்கும் முதுகு வலிக்குமுங்க."

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. முந்தைய ஐந்து வீட்டிலும் இன்டர்வியூவுக்குப் போனவன்போல விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவளிடம் நோயாளியாக நின்றேன், அதில் அப்படியொரு நிம்மதி. திரும்பும்போது காரில் அம்மா என்மேல் பாய்ந்தார். "அந்தப் புள்ளைகிட்ட எதுக்குடா அத்தனை வாட்டி மாட்டேன் மாட்டேன்னு தலைய ஆட்டுன?"

பெண் வீட்டார் பூ கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். குலதெய்வக் கோயிலில் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து, எது எதுவென்று தெரியாதபடி சாமி காலடியில் வைப்பார்கள். கேள்வியைச் சொல்லிப் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். எங்களையும் வரச் சொன்னதால் அந்த அமாவாசையன்று காலையில் அம்மாவும் நானும் போனோம். போகிற வழியெல்லாம் வேலை போனால் போகட்டும், இவள் கிடைக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது.

அவள் அப்பா கைகூப்பி, ஊருக்கே கேட்கிற குரலில் கேட்டார். "மாப்பிள்ளைப் பையனோட வேலை கடைசி வரைக்கும் நிக்குமா, சொல்லு சாமி."

பூசாரி கண்ணை மூடி ஒரு மடிப்பை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி.

அம்மா மெல்லக் குனிந்து தேங்காய்ப் பையை எடுத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரும்போலவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. அந்தக் கேள்விக்கு நான் பூ எடுத்திருந்தாலும் செவ்வரளியைத்தான் எடுத்திருப்பேன். என் பெட்டியும் அதைத்தானே சொன்னது.

"அப்பா, கேள்வி தப்புங்க" என்றாள் அவள்.

அவர் திரும்பிப் பார்த்தார். "என்ன அம்முணி தப்பு?"

"இவரு வேலை நிக்குமான்னு எதுக்குக் கேக்கறீங்க? நானும்தானே வேலைக்குப் போறேன். என்ற வேலையைப் பத்தி இத்தனை நாளா யாராச்சும் கேட்டீங்களா?"

உண்மைதான். தரகர் கேட்கவில்லை, என் அம்மா கேட்கவில்லை. பட்டியலில் அவளுடைய வேலையை என் வாயாலேயே வாசித்திருந்தும், இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை. குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

"சாமிகிட்ட ரெண்டு வாட்டி கேக்கக்கூடாது அம்முணி" என்றார் அவள் அப்பா. குரலில் பாதி பலம்தான் இருந்தது.

பூசாரிக்கு அடுத்த பூசைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "அதே கேள்வியத்தானுங்க ரெண்டு வாட்டி கேக்கக்கூடாது. வேற கேள்வின்னா கேக்கலாமுங்க" என்று சொல்லி, இரண்டு பூவையும் புதிதாக மடித்து வைத்தார்.

இந்தத் தடவை அவளே கேட்டாள். "என்ற வேலை நிக்குமா? எங்க ரெண்டு பேருக்கும் அது போதுமா?"

வெள்ளரளி வந்தது. அம்மா தேங்காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் போனார். "சென்டருக்கு எத்தனை மணிக்குப் போகோணும் கண்ணு?" என்று கேட்டார். எட்டரைக்கு என்றாள். "அப்ப காத்தால தோசை இவன் சுடட்டும்" என்றார் அம்மா. இப்படித்தான் எனக்கு நிச்சயமாயிற்று.

செவ்வரளியும் பொய் சொல்லவில்லை. கல்யாணமாகி எட்டாம் மாதம், கால் மணி நேர ஆன்லைன் கூட்டத்தில், மிச்சமிருந்த எங்கள் மூன்று பேருக்கும் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமனாருக்குப் போன் செய்தேன். "சாமி அன்னைக்கே சொல்லிருச்சுங்களே மாப்ள" என்றார். ஏதோ நானே அவருக்குச் சாட்சி சொன்ன மாதிரி சந்தோஷப்பட்டார். பிறகு, சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார்.

அவளிடம் போனில் சொல்ல மனம் வரவில்லை. தோசை சுடுவது கைவந்துவிட்டது, வேறு வேலைக்கு எழுதிப் போடலாம், எல்லாம் தெரியும். இருந்தாலும் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் நின்றபோது இருந்த அதே பயம் திரும்ப வந்துவிட்டது. சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். அவள் பையை ஆணியில் மாட்டிவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"கழுத்தை இடது பக்கம் திருப்புங்க மாமா."

திருப்பினேன். அன்றுபோலப் பாதியில் நிற்காமல், மேசை, சுவர், ஜன்னல் எல்லாம் தாண்டி, தோளுக்குப் பின்னால் நின்றிருந்த அவள் முகம் வரைக்கும் போயிற்று.