டேங்க்கைத் தட்டிப் பார்த்தேன்

என் மகன் அந்த வண்டியை முதலில் செல்போனில்தான் காட்டினான். தபால்தலை அளவுக்கு ஒரு படம். அதிலேயே எனக்கு அது பிடிக்கவில்லை. முன்பக்கம் தலையைத் தாழ்த்தி முட்ட வருகிற மாடு போல இருந்தது. பின் சீட்டு வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவன் வயிற்றை டேங்க்கின்மேல் வைத்துக் குனிந்தால்தான் ஓட்ட முடியும் என்று பார்த்த உடனே தெரிந்தது. பெண்ணாடத்தில் விலைக்கு வருகிறது, ஒரே ஆள் ஓட்டிய வண்டி, சிவப்பு என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டேன். எனக்குப் பயம் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

வண்டி தேவை என்பதில் எங்களுக்குள் தகராறு இல்லை. அவனுக்குப் பெண்ணாடம் பக்கம் சர்க்கரை ஆலையில் வேலை கிடைத்திருந்தது. விருத்தாசலத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் காலை ஷிப்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. எங்கள் தெருவில் மெக்கானிக் ஷாப் வைத்திருந்த தம்பி, பழைய நூறு சி.சி. வண்டிகள் இரண்டைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திக் காட்டினார். மகன் அவற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வாங்கினால் அந்தச் சிவப்பு வண்டி, இல்லாவிட்டால் பஸ்ஸிலேயே போய்த் திட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றான்.

என் வீட்டுக்காரர் திருப்பூரில் வேலையில் இருந்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவார். போனில் விஷயத்தைச் சொன்னதும், "நீ நேர்ல போயி பாரு. உனக்குச் சரின்னு பட்டா வாங்கிடலாம், இல்லன்னா வேணாம்" என்றார். மகனும் அதற்கு ஒப்புக்கொண்டான். ஆக, என் வாயில் வருகிற சொல்தான் முடிவு என்று ஆகிவிட்டது. பஸ்ஸில் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கவே தயங்குகிறவள் நான். பத்தாவது வரை படித்ததில் ஒருநாளும் வகுப்பில் கை தூக்கியது கிடையாது. என்னை நம்பி இப்படி ஒரு முடிவை ஒப்படைத்தார்களே என்று எரிச்சலாக இருந்தது. கூடவே ஒரு தைரியமும் இருந்தது. ஏதாவது ஒரு குறை கிடைத்தால் போதும், வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பே. செராமிக் எஸ்டேட்டில் ஊறுகாய் ஜாடி செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். சூளையிலிருந்து ஆறி வருகிற ஜாடியை இடது கையில் ஏந்தி, வலது கை விரல்முட்டியால் ஒரு தட்டு தட்ட வேண்டும். நல்ல ஜாடி என்றால் ணங்கென்று கேட்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்காவது இருந்தால் சத்தம் செத்துவிடும். அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. புது டம்ளர் வாங்கினாலும் தட்டுவேன், தேங்காயையும் தட்டுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மகனும் மெக்கானிக் தம்பியும் பஸ்ஸில் பெண்ணாடம் போனோம். கரும்பு வெட்டு நடக்கிற சமயம். வழியெல்லாம் டிராக்டர்கள். பாரம் தாங்காமல் ஆடிக்கொண்டு போகிற டிரெய்லர்களிலிருந்து உருவி விழுந்த கரும்புகள் ரோட்டில் நசுங்கிக் கிடந்தன. எங்கள் தெருக்கோடியில் ஒரு பையன் இந்த மாதிரி வண்டியில் போய் விழுந்து, காலில் கம்பி வைத்துக்கொண்டு வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தான். ஜன்னல் வழியாக ஒவ்வொரு நசுங்கிய கரும்பைப் பார்க்கும்போதும் அந்தக் கால்தான் ஞாபகம் வந்தது. பக்கத்தில் என் மகன் வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு வந்தான்.

வண்டியை விற்கிற பையனின் வீடு ஊரைத் தாண்டி ரோட்டோரத்தில் இருந்தது. கரும்பு விவசாயம் செய்கிற குடும்பம். அந்தப் பையனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டதாம், அதனால் விற்கிறானாம். வண்டியைக் கழுவித் துடைத்து வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தான். நேரில் அது படத்தைவிடப் பெரிதாக இருந்தது. என் மகன் அதைச் சுற்றி வந்தான். அவன் எதையும் பார்க்கவில்லை, ரசித்துக்கொண்டுதான் இருந்தான். மெக்கானிக் தம்பி குனிந்து இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு, "நாங்க வரதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிட்டீங்களாட்டம் இருக்குது" என்றார்.

"கழுவினேங்க. தண்ணி காயறதுக்காக ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன்."

"சரி, ஆறட்டும். சூட்டுல எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். ஆறினப்புறம் ஒரே அழுத்துல ஸ்டார்ட் ஆவுதான்னு பாக்கலாம்."

ஆறுகிற வரைக்கும் அவர் மற்றதைப் பார்த்தார். முன்சக்கரத்தை இரண்டு முட்டிக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருகினார். முன்சக்கரத்தைத் தாங்குகிற இரண்டு குழாய்களிலும் விரலை ஓட்டி எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தார். செயினை விரலால் தூக்கிவிட்டார். ஆர்.சி. புத்தகத்தில் இருந்த நம்பரையும் வண்டியில் அடித்திருந்த நம்பரையும் சத்தமாகப் படித்து ஒப்பிட்டார். பிரேக் பிடியின் நுனி தரையில் உரசித் தேய்ந்திருந்தது. அதை அவர் சும்மா தொட்டுக் காட்டினார். நின்ற இடத்தில் ஒருதரம் சாய்ந்துவிட்டது என்றான் அந்தப் பையன்.

நின்ற வண்டி சாய்ந்ததா, ஓடின வண்டி சாய்ந்ததா? கேட்க வாய் வரவில்லை. கால் தானாக வண்டிப் பக்கம் போனது. குனிந்து பெட்ரோல் டேங்க்கின் பக்கவாட்டில் விரல்முட்டியால் தட்டினேன். சத்தம் செத்து வந்தது. அந்தப் பக்கம் போய்த் தட்டினேன். அதுவும் செத்ததுதான். எனக்குள் ஒரு நிம்மதி வந்தது, பாருங்கள், இப்போது நினைத்தாலும் சிரிப்பாக இருக்கிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு மெதுவாக, "தம்பி, டேங்க்குல கீறல் இருக்குது போல" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், டேங்க்கைப் பார்த்தார். "அக்கா, அது ஜாடி இல்லக்கா. உள்ள பெட்ரோலு ரொம்பி இருக்குது. வேற எப்படிக் கேக்கும்?"

நேற்றுதான் நிரப்பினேன், வாங்குகிறவர்களுக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன் என்றான் அந்தப் பையன். என் மகன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "அம்மா, சும்மா இரும்மா" என்றான். கம்பெனியில் நிறைந்த ஜாடியை யாரும் தட்ட மாட்டோம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் அது. பயத்தில் அதுகூட எனக்கு மறந்துபோயிருந்தது. என் கையில் இருந்த ஒரே வித்தையும் போனது. இனி எதை வைத்து வேண்டாம் என்று சொல்வது?

அப்போதுதான் அந்தப் பையனின் அம்மா டீ கொண்டுவந்தார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஆண்கள் வண்டிப் பக்கம் நிற்க, என்னைத் தனியாக வாசற்படிக்கு அழைத்து உட்கார வைத்தார். உங்கள் பையனுக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரே பையனா என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, தன் மகனுக்குக் கேட்காத குரலில் பேச ஆரம்பித்தார்.

"இவன் வெளிய போனான்னா எனக்கு ஒரு வேலையும் ஓடாது. ரயில்வே கேட்டைத் தாண்டும்போதே இந்த வண்டி சத்தம் கேட்டுடும். அது கேக்குற வரைக்கும் அடுப்புல என்னா வேவுதுன்னுகூடத் தெரியாது. ரெண்டு வருஷமா இப்படித்தான். வித்துடுடா, வித்துடுடான்னு கெஞ்சுனேன். இப்பதான் மனசு வந்திருக்குது."

நான் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தேன். வண்டி விழுந்ததா என்று கேட்டேன். அன்று நானாக வாயைத் திறந்து வேற்று ஆளிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. "அவன் சொன்னதுதான் எனக்கும் தெரியும்" என்றார். பிறகு என் முழங்கையைத் தொட்டு, "எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. இனிமே நான் தூங்குவேன், நீங்க முழிச்சிருங்க" என்று சிரித்தார். கேலியாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்ஜின் ஆறிவிட்டது என்று கூப்பிட்டார்கள். ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆனது. மெக்கானிக் புகைக்குழாயின் பின்னால் உள்ளங்கையைக் காட்டி முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அந்த உறுமல் என் நெஞ்சுக்குள்ளேயே கேட்டது. மகன் ஓட்டிப் பார்க்க ஏறினான். எனக்கு எங்கிருந்து வந்ததோ, "நானும் வரேன்" என்றேன்.

மெக்கானிக், "பின்னாடி ஏறுறதுக்கு ஏணி வேணுமேக்கா" என்றார். பொய்யில்லை. புடவையோடு ஒருபக்கமாக ஏறி உட்கார, வண்டிக்காரப் பையனின் அம்மா என் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. பின்சக்கரத்தில் புடவை சிக்காமல் இருக்க வைக்கிற கம்பித் தடுப்பைக் கழற்றி எறிந்திருந்தார்கள். அழகுக்காகவாம். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, கீழ்க் கொசுவத்தை ஒரு கையால் அள்ளிப் பிடித்து, மறு கையால் மகனின் தோளைப் பற்றினேன். சீட்டு முன்பக்கம் சரிந்து என்னை அவன் முதுகின்மேல் தள்ளியது. அவன் தலை எனக்குக் கீழே இருந்தது. உச்சிச் சுழி தெரிந்தது. சின்ன வயதில் எண்ணெய் தேய்த்துவிடும்போது பார்த்ததற்குப் பிறகு அன்றுதான் அதைப் பார்த்தேன்.

சைக்கிள் போல மெதுவாக ஓட்டினான். எதிரில் டிராக்டர் வந்தபோது ஓரம் கட்டி நிறுத்தியே விட்டான். திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. இது அவன் ஓட்டுகிற ஓட்டம் இல்லை. நான் பின்னால் இருக்கிறதால் வருகிற ஓட்டம். இதை வைத்து எனக்கு என்ன தெரியும்? நாளைக்கு ஷிப்டு முடிந்து தனியாக வரும்போது எப்படி வருவான்? வாசலில் இறங்கியதும், "நீ தனியா ஒரு ரவுண்டு போயிட்டு வா" என்றேன்.

அவன் போனான். வளைவு தாண்டும் வரை சாதாரணமாகத்தான் போனான். பிறகு சத்தம் மட்டும் ஒரே மூச்சில் ஏறி, மெலிந்து, இல்லாமல் போனது. மெக்கானிக்கும் அந்தப் பையனும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் அந்த அம்மாவும் ரோட்டைப் பார்த்து நின்றோம். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களைத் தாண்டி அவன் போன பக்கமே போனது. இன்னொன்றும் போனது. அந்த டிரைவர்களைக் கை காட்டி நிறுத்த வேண்டும் போல இருந்தது. ஏன் அனுப்பினோம் என்று இருந்தது. அந்த அம்மா, "வந்துடுவான், வந்துடுவான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

நான் கேட்பதற்கு முன்பே அவருக்குக் கேட்டுவிட்டது. "தோ, வருது" என்றார். எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் கேட்டது. வளைவில் சிவப்பு தெரிந்தபோது வண்டி மெதுவாக வந்தது. நான் பின்னால் உட்கார்ந்து வந்ததைவிட மெதுவாக.

இறங்கி ஸ்டாண்டு போடத் தடுமாறினான். வலது கால் பேண்ட்டில் முட்டிவரை கரும்புச் சக்கையும் சேறும் அப்பியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. மெக்கானிக் என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றும் இல்லை, வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, ரோட்டில் கரும்பு கிடந்தது, கொஞ்சம் வழுக்கிவிட்டது, காலை ஊன்றிவிட்டேன் என்றான். வேப்பமரத்தில் கை வைத்துச் சாய்ந்துகொண்டான். அந்தக் கை நடுங்கியதை அவன் எனக்குத் தெரியாமல் மறைக்கப் பார்த்தான். காலையிலிருந்து பாடிக்கொண்டிருந்தவன் வண்டியின் பக்கமே திரும்பவில்லை.

"நீ சொல்லும்மா" என்றான்.

வேண்டாம் என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் வராது. அவனே எதிர்பார்த்தான் என்றுகூடத் தோன்றியது. அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் நான் பார்த்தது மகனின் கையை. இந்தப் பயம் அவனுக்கு இல்லையே என்றுதான் நான் இத்தனை நாள் தனியாகப் பயந்துகொண்டிருந்தேன். இப்போது அது அவனுக்கும் வந்திருந்தது. இன்று வேண்டாம் என்று சொன்னால் அவன் இன்னொரு வண்டியைப் பார்ப்பான். அதற்குள் இந்தக் கரும்பு மறந்துபோயிருக்கும்.

"எடுத்துக்கலாம்" என்றேன். "அந்தக் கம்பித் தடுப்பை மட்டும் திருப்பி மாட்டிக் கொடுக்கச் சொல்லு."

அது வைக்கோல் போருக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. அந்தப் பையனே தேடி எடுத்துவந்து மாட்டினான். பேச வேண்டியதையெல்லாம் மெக்கானிக் தம்பி பேசி முடித்தார். அந்த அம்மா வாசலில் நின்று வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நானும் மெக்கானிக்கும் பஸ் ஏறினோம். மகன் பின்னால் ஏறி வரச் சொன்னதற்கு அவர், எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இருக்குது என்று சொல்லிவிட்டார். கடைசி சீட்டில் உட்கார்ந்து, அழுக்குப் பிடித்த பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். மகன் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தான். பஸ் நின்றால் நின்றான், கிளம்பினால் கிளம்பினான். பாதி வழி தாண்டியும் அப்படியே வந்தான். "பரவால்லக்கா, பையன் பயந்துட்டான்" என்றார் மெக்கானிக். நான் கண்ணை எடுக்கவில்லை. ஊர் நெருங்கியபோது ரோடு அகலமானது. எதிரில் ஒன்றும் வரவில்லை. கண்ணாடியிலிருந்து சிவப்பு நகர்ந்தது. பக்கவாட்டில் அந்தச் சத்தம் ஏறிக்கொண்டே வந்து பஸ்ஸைத் தாண்டியது. முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.